மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

ஐந்து லீற்றர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போன பெண்ணை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் பரவாயில்லை. அது நான்தான்.

மாத்தளைக்கும் அப்பால், இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. அந்தப் பள்ளத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்தில் நாங்கள் நின்றோம். நான், என் வீட்டுக்காரர், மகள் சப்ரினா, மருமகன் ரிஸ்லான். வழிகாட்ட வந்த சுனில் என் கையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், மறுபடியும் என் கையைப் பார்த்தார்.

"அக்கா, கீழே தண்ணீர் இருக்கிறது" என்றார் சிங்களத்தில், மிகவும் மரியாதையாக.

"மாமி, வேன்ல வெச்சிட்டு வாங்க. அங்க முழுக்கத் தண்ணிதான்" என்று ரிஸ்லானும் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும் மகன். எங்க இருந்து வாற தண்ணியோ, என்ன தண்ணியோ. எங்கட தண்ணி எங்கட கையில இருக்கட்டும்."

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "உப்புத் தண்ணீருக்கு இவ்வளவு பாசமா?" என்று கேட்டிருந்தார். பாசமெல்லாம் இல்லை அம்மா, பயம். பள்ளிவாசல்துறையில் எங்களுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், வாயில் வைக்க ஒரு மிடறு இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆள் செத்த மையத்து வீட்டுக்குப் போனாலும் கேன் எங்களோடு வரும். மலைநாட்டு ஆற்றுக்கும் வந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் இந்தப் பேச்சில் சேரவில்லை. தலையைச் சாய்த்து, நல்ல காதைப் பள்ளத்தின் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே எங்கோ அருவி விழும் சத்தம். அந்த முகத்தை நான் பல வருஷம் பார்க்கவில்லை.

காதுக்குக் காவல்

அவர் சுழியோடி. இளவயதில் சங்கு குளித்தவர். பிறகு சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பொறுக்கியவர். பரீத் நானா தண்ணீருக்குள் போனால் வெறுங்கையோடு வரமாட்டார் என்று கரையில் பேசிக்கொள்வார்கள். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு கரையில் நின்று கடலைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பத்து வருஷம் இருக்கும். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்துவிட்டார். தோணியில் ஏறும்போது கால் இரண்டும் தனக்குச் சொந்தமில்லாதது போல் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் காற்றை அழுத்தும் பெரிய இரும்புக் கூண்டுக்குள் நாள்கணக்கில் வைத்தார்கள். கால் திரும்பி வந்தது. இடது கால் மட்டும் இன்றுவரை கொஞ்சம் இழுபடும். வலது காதின் சவ்வு போனது போனதுதான்.

டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கடலில் இறங்கவே கூடாது. குளிக்கும்போதும் கவனம். குளிர்ந்த தண்ணீர் அந்தக் காதுக்குள் போனால் தலை சுற்றும், எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போகும். தண்ணீருக்குள் இருக்கும் ஒருவருக்கு அது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அன்றிலிருந்து அந்தக் காதுக்கு நான் காவல். அவர் குளிக்கப் போகுமுன் பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து நானே அடைத்துவிடுவேன். மழைக்காலத்தில் வெளியே போனால் தொப்பியை இழுத்துவிடுவேன். சின்னப் பிள்ளை மாதிரி நின்று காட்டுவார், முணுமுணுக்கமாட்டார்.

இதை நான் எழுதும்போதும் முன் அறைச் சில்லறைக் கடையில் யாருடைய போனுக்கோ ரீலோட் போட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல வியாபாரி. ஆனால் நான் அறிவேன், அவர் முழுதாகக் கடையில் இருப்பதில்லை. தூக்கத்தில் அவர் வலது கை பாயைத் தடவும், விரல்கள் மணலைக் கிளறுகிற மாதிரி. குளியலறையில் திடீரென்று சத்தம் நின்றுவிடும். வாளித் தண்ணீர் விழும் சத்தமும் இல்லை, இருமலும் இல்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவேன்.

"என்ன செய்றீங்க?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வரும். "குளிக்கிறன்."

வாளித் தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அவர் கடலுக்குப் போகாததில் எனக்கு நிம்மதி. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடலிலிருந்து வந்து, படலைத் திறக்கும்போதே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மனுஷர் ஒருவர் இருந்தாரே, அவர் பிறகு வரவேயில்லை. பக்கத்தில் இருப்பவரை நினைத்து ஏங்குவதை வெளியில் யாரிடம் சொல்ல முடியும்?

அட்டையும் அட்டையும்

பயணம் ரிஸ்லானின் யோசனை. ஆலங்குடாவில் வெள்ளைக்காரருக்குப் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கக் கற்றுக்கொடுக்கிறார். காற்று இல்லாத மாதங்களில் அவர்களை மலைப்பக்கம் கூட்டிப் போவார். அப்படிக் கண்டுபிடித்த இடம் இது. "மாமா வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், ஒருநாள் கூட்டிட்டுப் போவம். முதல் குளத்தில காலை நனைச்சிட்டு வருவம்" என்றார். காலை நனைக்கத்தானே என்று நானும் ஓம் என்றேன்.

விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு புறப்பட்டோம். பாணும் சீனிச்சம்பலும், வாழையிலையில் சோறும் கருவாட்டுப் பொரியலும் கட்டியிருந்தேன். புத்தளம் தாண்டிக் குருநாகல் பக்கம் திரும்பியதும் நிலம் எழும்பத் தொடங்கியது. எங்கள் ஊரில் உயரமாக இருப்பது தென்னை, பள்ளி மினாரா, காற்றாலை இவ்வளவுதான். சப்ரினா வழியெல்லாம் மலையைப் போனில் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் வாப்பா மலையைப் பார்க்கவில்லை. பாலம் வரும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி ஆற்றைப் பார்த்தார்.

பாதையில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அட்டை ஏறத் தொடங்கியது. சப்ரினா அலறினாள். நான் அபாயாவைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் கேனோடு, குதித்துக் குதித்து நடந்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் பார்க்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து காலிலிருந்து ஒன்றைப் பிடுங்கி விரலில் வைத்துப் பார்த்தார்.

"எத்தின வருஷம் நான் அட்டை புடிச்சன். இண்டைக்கு அட்டை என்னப் புடிக்குது" என்றார். "நியாயம்தான்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் பகிடி விட்டுக் கேட்டு எவ்வளவு காலம்! அந்தச் சந்தோஷத்தில் என் காவலை மறந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். முதல் குளம் வந்தது, கால் நனைத்தோம், திரும்பியிருக்க வேண்டும். "அடுத்ததையும் பாப்பம்" என்று அவர் முன்னால் நடந்தார், இழுபடும் காலோடு, எங்கள் எல்லோரையும் விட வேகமாக.

பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. வானம் தலைக்கு மேலே ஒரு ஓடை அளவுக்குச் சுருங்கியது. முழங்கால் அளவுத் தண்ணீரில், வழுக்குக் கல்லில், சுனில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பாசியும் ஈரப் பன்னச் செடியும் மணத்தன. தாகம் எடுத்தபோது கேனைத் திறந்தேன். அவர் அதைத் தள்ளிவிட்டு, குனிந்து, ஆற்றைக் கையால் அள்ளிக் குடித்தார்.

"இனிக்குது சுபைதா" என்றார், இத்தனை காலமும் யாரோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி. "தண்ணி இனிக்குது."

பச்சைக் குளம்

மூன்றாவது குளத்தில் அருவி ஒரு மூலையில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் நுரை. இந்தப் பக்கம் தண்ணீர் அசையாமல், கரும்பச்சையாக இருந்தது. இரண்டு ஆள் ஆழம் இருக்கும் என்றார் சுனில். அருவிப் பக்கம் போகவே கூடாது, நீந்துவதென்றால் இந்தப் பக்கம் மட்டும் என்றும் சொன்னார்.

அவர் கரையில் நின்றார். நான் பஞ்சை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன், பழக்கத்தில்.

"சுபைதா, நான் இதுக்குள்ள ஒருக்கா இறங்கணும்."

"காலை நனைங்க."

"காலை இல்ல."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"கடல்ல இறங்கப்படாது எண்டவர். இது கடலா?"

"இப்பிடிச் சட்டம் கதைக்கிற ஆள் கோட்டுக்குப் போயிருக்கணும், சங்கு குளிக்கப் போயிருக்கப்படாது. தலை சுத்தினா எங்க வருவீங்க? மேல எது கீழ எது எண்டு தெரியுமா?"

"வாப்பா, வேணாம் வாப்பா" என்றாள் சப்ரினா.

அவர் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "எனக்குச் சங்கும் வேணாம், ஒண்டும் வேணாம். தரையத் தொட்டிட்டு வாறன். பத்து வருஷமாக் கரையில இருக்கன். ஒரு நாளாவது உன்னட்ட கேட்டனா?"

கேட்டதில்லை. அதுதான் என்னை உடைத்தது. சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். ஒருநாள் களவாகப் போய் இறங்கியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். அவர் என் பயத்துக்காக வாளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பத்து வருஷம் இருந்தவர்.

ரிஸ்லான் தன் பையிலிருந்து மெழுகு மாதிரிப் பிசையும் காதடைப்பை எடுத்தார், கடலில் சறுக்குகிறவர்கள் வைப்பது. நானே பிசைந்து, பஞ்சுக்கு மேல் வைத்து, விளிம்பெல்லாம் அழுத்திவிட்டேன். அவர் பொறுமையாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். அதற்கு மேல் தலைத்துண்டால் ஒரு கட்டும் போட்டேன். சுனிலின் கயிற்றை இடுப்பில் கட்டச் சொன்னேன். கயிறு இல்லாமல் இறங்கக் கூடாது என்பது என் நிபந்தனை.

"மாமா, கயித்த நான் புடிக்கிறன்" என்றார் ரிஸ்லான்.

"மருமகன் புடிக்கிறதில்ல" என்றார் அவர். "மச்சான்தான் புடிக்கணும்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய சுழியோடிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. தோணியில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், மனைவியோடு கூடப்பிறந்தவனை. கூலிக்கு வந்தவன் வெயிலில் கண் அயர்வான். சொந்தத் தம்பிக்கும் நமக்கும் ஒரு காணிச் சண்டை வரலாம். மச்சான் மட்டும் தன் தங்கச்சியை விதவையாக இத்தாவில் உட்காரவைக்க விரும்பமாட்டான் என்பது கணக்கு. கீழேயிருந்து ஒரு இழுப்பு என்றால் கயிற்றைத் தளர்த்து. இரண்டு இழுப்பு என்றால் தூக்கு.

அவருக்குக் கயிறு பிடித்தவர் என் நானா, என் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு நானாவின் மேல் பொறாமை. என் புருஷன் கடலுக்கு அடியில் என்ன செய்கிறார் என்று நானாவின் உள்ளங்கைக்குத் தெரியும். கட்டிய எனக்குத் தெரியாது. சிலிண்டர் வந்த பிறகு கயிறு வேண்டாமல் போனது. மேலே அவசரமாக வந்த அன்றும் அவர் இடுப்பில் கயிறு இல்லை. நானா எங்களை விட்டுப் போய், மௌத்தாகி, இப்போது இரண்டு வருஷ நோன்பு போய்விட்டது.

"மச்சான் இல்லையே மாமா" என்றார் ரிஸ்லான் மெதுவாக.

"மச்சான்ட தங்கச்சி இருக்கா" என்று சொல்லி, கயிற்று நுனியை என் கையில் வைத்தார்.

ஆறு இழுத்தது

பிஸ்மில்லா சொல்லிக் கல்லிலிருந்து சரிந்து இறங்கினார். கழுத்துவரை தண்ணீர் வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் குளிரில் உதடு நடுங்கியது, கண் சிரித்தது. மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் மூடிக்கொண்டது.

கயிறு என் கையிலிருந்து ஓடியது. நான் பிஸ்மில்லாவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுண்டி ஒரு இழுப்பு வந்தது. தளர்த்தினேன். மறுபடியும் வந்தது. இரண்டு! உடனே இன்னொன்று, மூன்று!

"இழுங்க! மகன், இழுங்க!"

நானும் ரிஸ்லானும் சப்ரினாவும் சேர்ந்து இழுத்தோம். தோணியைக் கரையேற்றுகிற மாதிரி இழுத்தோம். அவர் பக்கவாட்டாக மேலே வந்து, இருமி, தலைக்கட்டு கண்ணை மறைக்க, இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தார். சுனில் கையைப் பிடித்துக் கல்லில் ஏற்றினார்.

"ஆர் இழுத்த?" என்று கத்தினார். "ஆர் என்ன இழுத்த? தரைக்கு ஒரு முழம்தான் இருந்த!"

"நீங்கதானே இழுத்தீங்க! மூணு தரம் இழுத்தீங்க!"

"நான் கயித்தத் தொடவே இல்ல!"

சுனிலுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. அருவியைக் காட்டினார், கயிற்றைக் காட்டினார், கையைச் சுழற்றிக் காட்டினார். மேலே அசையாமல் கிடக்கும் தண்ணீர் அடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கயிற்றை இழுத்து விளையாடியிருக்கிறது. கடலில் கயிறு நேராகத் தொங்கும், அதில் வருகிற இழுப்பு சுழியோடியின் இழுப்பு. ஆற்றில் கயிறு பிடித்துப் பழக்கம் எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை.

ரிஸ்லான்தான் முதலில் சிரித்தார். பிறகு சப்ரினா. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சானா இருந்தா இப்பிடி இழுக்க மாட்டார்" என்றார். நான் சிரிக்கவில்லை. கல்லில் உட்கார்ந்து அழுதேன். கயிறு மட்டும் கையில் இருந்தது.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதடைப்பைத் தொட்டுப் பார்த்தேன். இருந்த இடத்தில் இருந்தது.

"தலை சுத்துதா?"

"இல்ல."

"பொய் சொல்லப்படாது."

"சத்தியமா இல்ல."

போதும், வீட்டுக்குப் போவோம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவரும் எதிர்பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கடையில் உட்கார்ந்திருப்பாரே, அதே இருப்பு. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஆறு இழுக்கிறதா நீங்க இழுக்கிறதா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

அவர் சட்டென்று திரும்பினார்.

"நான் இழுக்கவே மாட்டன்" என்றார். "வாற இழுப்பெல்லாம் ஆத்தோட இழுப்பு. அத விட்டிடு. உனக்கு நான் வேணும் எண்டு தோணினா, நீ இழு. ரெண்டு தரம். நான் வருவன்."

"உடனயா?"

"உடன."

இன்னொரு தரம்

மறுபடியும் இறங்கினார். மறுபடியும் தண்ணீர் மூடிக்கொண்டது.

அந்த நொடியே எனக்கு அவர் வேண்டும் என்று தோன்றியது. இழுத்திருந்தால் வந்திருப்பார், சொன்னால் சொன்னபடி செய்கிறவர். அவர் கடலுக்குப் போன வருஷங்களில், கரையில் நின்று, வந்துவிடுங்கள் வந்துவிடுங்கள் என்று நான் சொன்னதெல்லாம் காற்றோடு போனது. என் கையில் துஆவைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. இப்போது கயிறு இருக்கிறது. இழுக்கத்தான் கை வரவில்லை.

ஆறு சுண்டியது. விட்டுவிட்டேன். திரும்பவும் சுண்டியது. விட்டுவிட்டேன். பிறகு அதற்குள் வேறு ஒரு அசைவு தெரிந்தது, மெதுவாக, அங்கும் இங்கும், அவசரமில்லாமல். அவர் தரையில் இருந்தார். அங்கே கையால் தடவிக்கொண்டு போகிறார் என்று என் உள்ளங்கை சொன்னது. நானா அத்தனை வருஷம் என்ன பிடித்துக்கொண்டிருந்தார் என்று அன்றுதான் அறிந்தேன்.

"உம்மா, இழுங்க" என்றாள் சப்ரினா.

"பொறு மகள்."

"உம்மா!"

இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். பத்து வருஷத்துக்கு இது எந்த மூலைக்கு? அவருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், எனக்கு அவர் வேண்டும். என் மூச்சு முட்டியபோதுதான் தெரிந்தது, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று.

இரண்டு தரம் இழுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அருவி விழுந்துகொண்டே இருந்தது. பிறகு கயிறு என் கைக்குள் தளர்ந்தது. அவர் வந்துகொண்டிருந்தார்.